எத்தனை கையெழுத்து சேர்ந்தால் 'மக்கள்'?

2023 செப்டம்பர் 11ஆம் தேதி, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துத் தலைநகரான அட்லாண்டாவின் நகரமன்றக் கட்டடத்துக்குள் பெட்டி பெட்டியாகக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் போயிற்று. பெட்டிகளுக்குள் இருந்தவை கையெழுத்துகள். 1,16,000 தேறும் என்று கொண்டுபோனவர்கள் சொன்னார்கள். சட்டப்படி வேண்டியிருந்தது 58 ஆயிரத்துச் சொச்சம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. நகர அலுவலகம் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டது. ஆனால் எண்ண மாட்டோம் என்றது. கெடு முடிந்துபோச்சாம்.

அந்த மனு கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. காடும் பழைய சிறைப்பண்ணையும் இருந்த ஒரு நிலத்தில் போலீசுக்கும் தீயணைப்புப் படைக்குமான பயிற்சி வளாகம் கட்ட நகரம் முடிவு செய்திருந்தது. எதிர்த்தவர்கள் அதற்கு 'காப் சிட்டி' என்று பெயர் வைத்தார்கள். 2023 ஜனவரியில் அந்தக் காட்டில் முகாமிட்டிருந்த போராட்டக்காரர் ஒருவர் போலீஸ் சுட்டுச் செத்தார். ஜூன் மாதம், பொதுமக்கள் வரிசையில் நின்று பதினான்கு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசி ஓய்ந்த பிறகு, விடியும் நேரத்தில் நகரமன்றம் 11க்கு 4 என்ற கணக்கில் பணம் ஒதுக்கியது. இந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டது செல்லுமா செல்லாதா என்பதை ஊர் ஓட்டுப்போட்டுச் சொல்லட்டும் என்றது மனு. அவ்வளவுதான்.

இந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், அந்த 58 ஆயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது, அப்படியொரு எண் எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது. எண்கள் அப்பாவிகள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கும். நூற்றுக்குப் பத்து, நூற்றுக்குப் பதினைந்து என்றால் அதில் அரசியல் எங்கே இருக்கிறது என்று தோன்றும். அதில்தான் இருக்கிறது.

முதலில் 'மனு' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் காதுக்கு அது கலெக்டர் ஆபீஸ் வராண்டாவில் காத்துக்கிடப்பதைத்தான் நினைவூட்டும். மேலே இருப்பவரிடம் கீழே இருப்பவர் கேட்பது. அவர் மனசு வைத்தால் உண்டு. ஆனால் ஸ்விட்சர்லாந்திலும் அமெரிக்க நகரங்களிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உருவான 'முன்முயற்சி', 'பொதுவாக்கெடுப்பு' மனுக்கள் வேறு சாதி. குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்துவிட்டால் அரசு மறுக்க முடியாது. விஷயத்தை வாக்குப்பெட்டிக்குக் கொண்டுபோயே தீர வேண்டும். எண் நிறையும்வரை அது விண்ணப்பம். எண் நிறைந்த கணத்தில் கட்டளை. கடைசிக் கையெழுத்துக்கு முந்தின கையெழுத்துவரை அவர்கள் தனித்தனி ஆட்கள். கடைசிக் கையெழுத்து விழுந்ததும் அவர்கள் 'மக்கள்'. இந்த ரசவாதம் எந்த எண்ணில் நடக்கும் என்று தீர்மானிப்பவர் யார்?

*

1869இல் ஜூரிச் மாநில அரசமைப்பு 5,000 கையெழுத்து இருந்தால் குடிமக்கள் சட்ட முன்மொழிவு கொண்டுவரலாம் என்றது. ஸ்விஸ் கூட்டாட்சி 1874இல் நாடாளுமன்றச் சட்டங்களை வாக்கெடுப்புக்கு இழுக்க 30,000 என்றும், 1891இல் அரசமைப்பையே திருத்தக் கோர 50,000 என்றும் வைத்தது. இந்த ஏற்பாட்டைப் பார்த்துப் பரவசப்பட்டவர்களில் ஒருவர் ஜே. டபிள்யூ. சல்லிவன் என்ற நியூயார்க் அச்சுக்கோப்பாளர். ஸ்விட்சர்லாந்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து நேரடிச் சட்டமியற்றல் பற்றி அவர் எழுதிய சிறு புத்தகம் 1890களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிற்சங்கங்களுக்குள்ளும் விவசாயிகள் அமைப்புகளுக்குள்ளும் கைமாறிக் கைமாறிப் போயிற்று. ரயில்வே கம்பெனிகளின் சட்டைப்பைக்குள் சட்டமன்றங்கள் கிடந்த காலம் அது. பிரதிநிதியை விலைக்கு வாங்கலாம், ஊரையே வாங்க முடியாதே என்பது அவர்கள் தர்க்கம்.

நியாயமான தர்க்கம்தான். ஆனால் ஸ்விட்சர்லாந்தில் 1891இன் ஏற்பாட்டைப் பயன்படுத்தி முதன்முதலாக வென்ற முன்முயற்சி எது தெரியுமா? 1893 ஆகஸ்டில், மயக்கமுறச் செய்யாமல் விலங்கை அறுப்பதற்குத் தடை. பார்த்தால் ஜீவகாருண்யம். குறி யூதர்களின் சமயமுறை அறுப்பு. அவர்களுக்கு முழு வழிபாட்டுரிமை கிடைத்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. ஐம்பதாயிரம் கையெழுத்தைத் தாண்டி எளிதாகச் சேர்த்தார்கள், வாக்கெடுப்பிலும் ஜெயித்தார்கள். புதிய கருவியை முதலில் கையில் எடுத்தது பெரும்பான்மையின் வெறுப்பு. நேரடி ஜனநாயகத்தைப் பற்றிய புனிதக் கதையாடல்களில் இந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டுப் போவார்கள்.

ஸ்விஸ் எண்களுக்கு இன்னொரு அத்தியாயம் உண்டு. அங்கே பெண்களுக்குக் கூட்டாட்சி அளவில் வாக்குரிமை 1971இல்தான் கிடைத்தது. 1977இல் 50,000 ஒரு லட்சமாயிற்று, 30,000 ஐம்பதாயிரமாயிற்று. வாக்காளர் தொகை இரட்டித்துவிட்டது, எனவே வாசலையும் உயர்த்த வேண்டும் என்பது வாதம். கணக்குப்படி தப்பில்லை. ஆனால் கொஞ்சம் நின்று பாருங்க: எண்பது வருஷம் பெண்களின் கையெழுத்தே இல்லாமல் 50,000 ஆண்கள் 'மக்கள்' ஆக முடிந்தது. பெண்கள் வந்து ஆறு வருஷத்தில் அந்த எண் போதாமல் போயிற்று. சதவீத முறை வைத்திருக்கும் இடங்களில் இது யாருக்கும் தெரியாமல் தானாகவே நடந்துவிடும். ஸ்விஸ்காரர்கள் நேரடி எண் வைத்திருந்ததால் வெளியே தெரிந்துவிட்டது.

*

அமெரிக்காவில் இது முதலில் வேர்விட்ட இடம் நகராட்சி. 1897இல் நெப்ராஸ்கா தன் நகரங்களுக்கு இந்த உரிமையை அனுமதித்தது. 1898இல் சான் பிரான்சிஸ்கோவின் புதிய நகர சாசனத்தில் 15 சதவீதம் என்று எழுதினார்கள். அதே வருஷம் தெற்கு டகோட்டா முழு மாநிலத்துக்கும் 5 சதவீதம் போதும் என்றது. ஏன் ஒரு இடத்தில் ஐந்து, இன்னொரு இடத்தில் பதினைந்து? கோட்பாடு ஏதும் கிடையாது. பேரம்தான். கொடுக்க விரும்பாதவர் இருபத்தைந்து என்பார், வாங்க வந்தவர் ஐந்து என்பார், சந்தையில் நடப்பது மாதிரி எங்காவது முடியும். முடிந்த பிறகு அது சட்டத்தின் மொழியில் ஏறி உட்கார்ந்து, ஏதோ இயற்கை விதி மாதிரி பேச ஆரம்பிக்கும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் கதையில் கொஞ்சம் தங்க வேண்டும். அங்கே டாக்டர் ஜான் ராண்டால்ஃப் ஹேய்ன்ஸ் என்றொரு பணக்கார மருத்துவர். கிறிஸ்தவ சோஷலிஸ்ட் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். அந்தக் காலத்தில் அப்படி ஒரு இனம் இருந்தது. 1895இல் நேரடிச் சட்டமியற்றல் கழகம் தொடங்கி, சதர்ன் பசிபிக் ரயில்வேயின் ஆட்களோடு மல்லுக்கட்டி, 1902 டிசம்பரில் நகர சாசனத்துக்குத் திருத்தங்களை ஓட்டில் ஜெயிக்க வைத்தார். முன்முயற்சி, பொதுவாக்கெடுப்பு, இவற்றோடு அமெரிக்க நகரம் எதிலும் அதுவரை இல்லாத இன்னொன்று: தேர்ந்தெடுத்தவரைத் திருப்பி அழைப்பது. அதற்குக் கடந்த தேர்தலில் அந்தப் பதவிக்கு விழுந்த ஓட்டுகளில் 25 சதவீதம் கையெழுத்து வேண்டும்.

முதலில் அதைப் பயன்படுத்தியது யார் என்பதுதான் சுவாரஸ்யம். 1904இல் நகரமன்றம், குறைந்த விலைக்குக் கேட்டவர்களை விட்டுவிட்டு நகரத்தின் அச்சு வேலையை லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகைக்குக் கொடுத்தது. அதன் முதலாளி ஹாரிசன் கிரே ஓட்டிஸ். 1890இலிருந்தே அச்சுத் தொழிலாளர் சங்கத்தோடு தீராத பகை. சங்கம் சும்மா இருக்குமா? அந்தத் தீர்மானத்துக்கு ஓட்டுப்போட்டவர்களில் ஆறாவது வார்டு உறுப்பினர் டேவன்போர்ட்டைப் பிடித்துக்கொண்டது. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். செப்டம்பரில் அவர் பதவியிழந்தார். அமெரிக்காவில் இப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்ட முதல் மக்கள் பிரதிநிதி அவர். ஸ்விட்சர்லாந்திலிருந்து ஒரு அச்சுக்கோப்பாளர் கொண்டுவந்த யோசனை, லாஸ் ஏஞ்சல்ஸில் அச்சுக்கோப்பாளர்கள் கையில் ஆயுதமானது. தற்செயல்தான். ஆனால் எழுத்தைத் தொட்டு வேலை செய்தவர்களுக்குக் காகிதத்தின் பலம் தெரிந்திருந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது.

இதில் எண் எப்படி வேலை செய்தது என்று கவனிக்கணும். 25 சதவீதம் என்பது கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் எதில் கால்வாசி? ஒரு வார்டில் விழுந்த ஓட்டில் கால்வாசி. தொழிலாளர்கள் நெருங்கி வாழும் வார்டில் அது மாலை நேரங்களில் நடந்தே சேர்த்துவிடக்கூடிய எண்ணிக்கை. சதவீதத்தைவிட அதன் அடித்தளம்தான் முக்கியம் என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது.

இது மற்றவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1909இல் மேயர் ஆர்தர் ஹார்ப்பர் ஊழல் புகார்களில் சிக்கித் திருப்பி அழைப்புத் தேர்தலுக்குப் பயந்து ராஜினாமா செய்த அதே சமயத்தில், 'நல்லாட்சி' வேண்டிய சீர்திருத்தவாதிகள் வார்டு முறையையே ஒழித்தார்கள். உறுப்பினர்களை இனி முழு நகரமும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். வார்டு அரசியல் அழுக்கு, கட்சித் தரகர்களின் கூடாரம் என்று காரணம் சொன்னார்கள். பொய்யில்லை. ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. ஒரு வார்டின் தொழிலாளர்கள் தங்கள் தெருக்களில் மட்டும் சுற்றி ஒருவரை இறக்கிவிட முடிந்த காலம் முடிந்தது. இனி முழு நகரத்தின் வாக்குகளில் பங்கு கேட்டுக் காகிதத்தோடு அலைய வேண்டும். 1925வரை இப்படித்தான். விகிதத்தில் கைவைக்கத் தேவையே இருக்கவில்லை. அளக்கிற படியை மாற்றியதே போதும்.

அடித்தளத்தின் இந்த விளையாட்டு கலிஃபோர்னியச் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. நகரம் என்றால் பதிவு செய்த வாக்காளர்களில் 10 சதவீதம். கவுன்ட்டி என்றால் கடந்த கவர்னர் தேர்தலில் விழுந்த ஓட்டில் 10 சதவீதம். இரண்டும் பத்துதான், இரண்டும் ஒன்றல்ல. ஓட்டுப்போடாத ஏழைகள் நிறைந்த ஊரில், பதிவேட்டை அடித்தளமாக வைத்தால் வாசல் உயரும். விழுந்த ஓட்டை வைத்தால் தாழும்.

*

1911 அக்டோபர் 10 கலிஃபோர்னிய வரலாற்றில் விசேஷமான நாள். முன்முயற்சியும் பொதுவாக்கெடுப்பும் மாநில அரசமைப்பில் ஏறின. திருப்பி அழைத்தலும் ஏறியது. பெண்களுக்கு வாக்குரிமையும் அன்றே கிடைத்தது. கவர்னர் ஹிராம் ஜான்சன் ரயில்வேயைத் தோற்கடித்துவிட்டதாகக் கொண்டாடினார். மாநில அளவில் சட்ட முன்மொழிவுக்கு, கவர்னர் தேர்தலில் விழுந்த ஓட்டில் 8 சதவீதம்.

அந்த எட்டு சதவீதத்துக்குள் வர முடியாதவர்களைப் பற்றி யாரும் அன்றைக்குப் பேசவில்லை. அமெரிக்கக் குடியுரிமைச் சட்டம் 1790இலிருந்து 'சுதந்திரமான வெள்ளையருக்கு' மட்டும் கதவைத் திறந்தது. 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்துக்கொண்டது. ஆசியாவில் பிறந்து வந்தவர் குடிமகனாக முடியாது. குடிமகனாகாதவர் வாக்காளராக முடியாது. வாக்காளராகாதவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை. 1920இல் ஜப்பானிய விவசாயிகளுக்கு எதிரான நிலச் சட்டம் முன்முயற்சி மனுவாகவே வந்தது. குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர் நிலம் வாங்கவும் கூடாது, குத்தகைக்கு எடுக்கவும் கூடாது. 6,68,483 பேர் ஆமாம் என்றார்கள். 2,22,086 பேர் வேண்டாம் என்றார்கள். 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தியர் வெள்ளையரல்ல என்று தீர்ப்புச் சொன்னதும், இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்துகொண்டிருந்த பஞ்சாபியரும் இந்தச் சட்டத்தின் வலைக்குள் விழுந்தார்கள். 1952இல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லும்வரை அது உயிரோடு இருந்தது.

யாருடைய நிலத்தைப் பற்றி மனு பேசியதோ அவர்களைத் தவிர மற்ற எல்லோரும் கையெழுத்துப்போட முடிந்தது. 'மக்கள்' என்ற முழுமை தனக்கு வெளியே ஒரு மற்றமையைத் தள்ளித்தான் உருவாகிறது என்று கோட்பாட்டாளர்கள் எழுதும்போது அது புகைமூட்டமாகத் தெரியலாம். இங்கே அது தேர்தல் அலுவலகத்தின் பதிவேடு.

*

ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் ரப்பர் டயர் நகரம். 1964இல் அதன் நகரமன்றம், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாடு கூடாது என்று சட்டம் போட்டது. பிறகு ஒரு கறுப்பினப் பெண் வீடு தேடிப் போனபோது தரகர் அவரிடம் சொன்னது: என் கையில் இருக்கும் எந்த வீட்டையும் உனக்குக் காட்ட முடியாது; உரிமையாளர்கள் அத்தனை பேரும் கறுப்பருக்குக் காட்டாதே என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் நகரச் சட்டத்தை நம்பிப் புகார் கொடுத்தார். அந்தச் சட்டம் உங்களுக்கு இப்போது கிடைக்காது என்று பதில் வந்தது. ஏன்? நடுவில் ஒரு மனு புகுந்திருந்தது.

ஆக்ரனின் வாக்காளர்களில் பத்து சதவீதத்துக்கும் மேல் கையெழுத்திட்ட மனு அது. நகர சாசனத்தையே திருத்தக் கோரியது. 1964 நவம்பரில் ஜெயித்தது. திருத்தம் சொன்னது இதுதான்: இனம், நிறம், மதம், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் வீட்டு விற்பனையையும் வாடகையையும் ஒழுங்குபடுத்தும் எந்தச் சட்டமும், வாக்காளர்களில் பெரும்பான்மை ஒப்புக்கொண்டாலொழிய, நடைமுறைக்கு வராது.

இந்தத் திருத்தத்தை ஒரு பிரதியாக வைத்து வாசித்தால் அதன் கெட்டிக்காரத்தனம் புரியும். ஆக்ரனில் சாதாரணமாக ஒரு சட்டம் நகரமன்றத்தில் நிறைவேறினால் முப்பது நாளில் அமலுக்கு வந்துவிடும். பிடிக்காதவர்கள் பத்து சதவீதக் கையெழுத்துச் சேர்த்து அதை வாக்கெடுப்புக்கு இழுக்கலாம். அதாவது, எதிர்ப்பவர் தெருவில் இறங்க வேண்டும். காகிதம், பேனா, கால்வலி எல்லாம் அவர் பொறுப்பு. கட்டட விதி, வாடகை விதி, குடித்தனக்காரர் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் இதே வழி. இனப் பாகுபாட்டைத் தடுக்கும் வீட்டுச் சட்டத்துக்கு மட்டும் இனிக் கையெழுத்தே வேண்டாம். ஒருவரும் எதிர்த்து மனுப்போடாவிட்டாலும் அது தானாகவே வாக்கெடுப்புக்குப் போகும். எதிர்ப்பவர்கள் ஒரே ஒரு முறை கையெழுத்துச் சேர்த்து, இனி என்றைக்கும் கையெழுத்துச் சேர்க்கும் சிரமம் தங்களுக்கு வராமல் பார்த்துக்கொண்டார்கள்!

பத்து சதவீதம் எல்லோருக்கும் பொது என்று சட்டப் புத்தகம் சொல்லும். சிறுபான்மையினர் தங்களில் ஒருவர் விடாமல் கையெழுத்துப்போட்டு வாசலைத் தாண்டினாலும் உள்ளே பெரும்பான்மையின் ஓட்டு உட்கார்ந்திருக்கும். பெரும்பான்மையினரில் கொஞ்சம் பேர் அசைந்தாலே போதும், வாசல் திறந்துவிடும். 1969இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தத் திருத்தத்தைத் தள்ளுபடி செய்தது. நீதிபதி வைட் எழுதிய தீர்ப்பின் சாரம்: சட்டம் மேல்பார்வைக்கு எல்லா இனத்தையும் ஒன்றாக நடத்துவதுபோலத் தெரிந்தாலும், சுமை விழுவது சிறுபான்மையினர் மேல், ஒரு குழுவுக்கு வேண்டிய சட்டத்தை மட்டும் இயற்றுவதற்குக் கடினமாக்க முடியாது.

தீர்ப்பு நல்லதுதான். ஆனால் இரண்டே வருஷத்தில், 1971இல், கலிஃபோர்னியாவில் குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசுக் குடியிருப்பை அந்தந்த ஊர் ஓட்டெடுப்பில் ஒப்புக்கொண்டால்தான் கட்டலாம் என்ற விதி வந்தபோது அதே நீதிமன்றம் அது செல்லும் என்றது. அந்த விதியும் 1950இல் முன்முயற்சி மனுவில் பிறந்ததுதான். விதியில் 'இனம்' என்ற சொல் இல்லை, 'வருமானம்' என்று இருந்தது. அதனால் தப்பித்தது. சொல்லை மாற்றிவிட்டால் பொருள் மாறிவிடும் என்று நீதிமன்றங்கள் நம்புவது மாதிரி இலக்கிய விமர்சகர்கள்கூட நம்புவதில்லை.

*

கையெழுத்தை யார் வாங்கலாம் என்பது தனிக்கதை. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கூலிக்கு ஆள் வைத்துக் கையெழுத்து வாங்குவதைக் கொலராடோ குற்றமாக்கியிருந்தது. 1988இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தடையை நீக்கியது. மனுவை எடுத்துக்கொண்டு போவது பேச்சுரிமையின் நடுநாடி என்றது. 1999இல் அதே மாநிலம், வாங்குகிறவர் பதிவு செய்த வாக்காளராக இருக்க வேண்டும், பெயர்ப் பட்டை அணிய வேண்டும் என்று விதித்ததும் விழுந்தது. பேச்சுரிமை வென்றது என்று சந்தோஷப்படலாம். சந்தோஷப்பட்ட கையோடு, ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு டாலர் என்று கடை வாசல்களில் நிற்கும் தொழிலும் வளர்ந்துவிட்டதைப் பார்க்கணும். பணமிருப்பவருக்கு எந்தச் சதவீதமும் தடையல்ல, செலவுக் கணக்கில் ஒரு வரி. வாசலை உயர்த்தினால் பணக்காரர்களைத் தடுக்கலாம் என்று நினைப்பவர்கள் தடுப்பது காசில்லாதவர்களைத்தான்.

பிறகு சரிபார்ப்பு. தெரிதா கையெழுத்தைப் பற்றி எழுதியதில் ஒரு முரண் உண்டு. கையெழுத்து என்பது ஒருவர் ஒரு கணத்தில் அங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சி; அது தனித்துவமானது. ஆனால் அது கையெழுத்தாகச் செல்லுபடியாக வேண்டுமானால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வர வேண்டும். அதாவது போலி செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். தேர்தல் எழுத்தரின் மேசையில் இந்த முரண் தினமும் தீர்த்து வைக்கப்படுகிறது. பதிவேட்டில் பத்து வருஷத்துக்கு முன் போட்ட கையெழுத்தும், நடைபாதையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு போட்ட கையெழுத்தும் ஒன்றுதானா? முதுமையில் நடுங்கும் கை, இரண்டு ஷிஃப்ட் பார்த்து வந்த கை, எழுதியே பழக்கமில்லாத கை இவையெல்லாம் தன்னோடு தானே பொருந்துவதில்லை. நாள்தோறும் செக்கில் கையெழுத்துப்போடுகிறவர் கை பிசகுவதில்லை. 'கைநாட்டு' என்ற சொல்லை வசவாகப் பயன்படுத்தி வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே தெரிதா, அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தைப் பற்றிப் பேசும்போது, அதில் 'மக்கள்' சார்பாகக் கையெழுத்திட்டவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்த மக்கள் கையெழுத்துக்கு முன் இல்லை, கையெழுத்துத்தான் அவர்களை உண்டாக்கியது என்கிறார். அந்தப் பிரகடனத்தில் 56 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒரு தேசத்துக்கு 56 போதுமாக இருந்தது.

*

இப்போது அட்லாண்டாவுக்கு வரலாம். சட்டப்படி வேண்டியது கடந்த நகரத் தேர்தலின்போது பதிவில் இருந்த வாக்காளர்களில் 15 சதவீதம். விழுந்த ஓட்டில் அல்ல, பதிவேட்டில். அந்தத் தேர்தலில், 2021இல், இரண்டாம் சுற்றில் ஆண்ட்ரே டிக்கன்ஸ் மேயராக ஜெயித்தபோது அவருக்கு விழுந்தது சுமார் 50 ஆயிரம் ஓட்டு. நகரத்தை ஆள 50 ஆயிரம் பேர் போதும். நகரமன்றம் போட்ட ஒரு சட்டத்தைப் பற்றி ஓட்டுப்போடலாமா என்று கேட்பதற்கே 58 ஆயிரம் பேர் வேண்டும், அவர்கள் பெயர், முகவரி, கையெழுத்தோடு பகிரங்கமாக முன்வர வேண்டும், அறுபதே நாளில்.

நாளும் சும்மா ஓடவில்லை. மனுப் படிவத்தை நகர அலுவலகம் இரண்டு முறை திருப்பி அனுப்பி, ஜூன் 21இல்தான் ஒப்புக்கொண்டது. கையெழுத்து வாங்குகிறவர் நகரவாசியாக இருக்க வேண்டும் என்ற விதி வேறு. நிலமோ நகர எல்லைக்கு வெளியே, டிகால்ப் கவுன்ட்டியில். நிலம் நகரத்துக்குச் சொந்தம். அதைச் சுற்றி வாழ்பவர்கள் நகர வாக்காளர்கள் இல்லை. துப்பாக்கிப் பயிற்சியின் சத்தம் யார் காதில் விழுமோ அவர்கள் கையெழுத்தும் போட முடியாது, வாங்கவும் முடியாது. அவர்களில் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜூலை 27இல் கூட்டாட்சி நீதிபதி, வெளியூரார் வாங்கலாம், அறுபது நாளைப் புதிதாக எண்ணத் தொடங்குங்கள் என்றார். அதை நம்பி வேலை செய்தார்கள். செப்டம்பர் 1இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. பத்து நாள் கழித்துப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தபோது பழைய கெடுவான ஆகஸ்ட் 21 திரும்பி வந்து வாசலில் நின்றது. நடுவில், ஒவ்வொரு கையெழுத்தையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றும் நகரம் அறிவித்திருந்தது. கறுப்பின வாக்காளர்களைக் கழித்துக்கட்டப் பயன்பட்ட பழைய உத்தி இது என்று சொன்னவர்களில் அந்த மேயரின் கட்சிப் பெருந்தலைகளும் உண்டு.

பத்திரிகைகள் மாதிரி எடுத்துச் சோதித்தபோது, கணிசமான கையெழுத்துகள் செல்லாமல் போகலாம், 58 ஆயிரத்தைத் தொடுவதே இழுபறியாக இருக்கும் என்று தெரிந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. நெருங்கியிருக்கலாம், விழுந்திருக்கலாம். எண்ணினால்தானே தெரியும்.

அந்த நிலத்துக்கும் ஒரு பழைய கையெழுத்து இருக்கிறது. அது மஸ்கோகி மக்களின், வெள்ளையர் 'கிரீக்' என்று அழைத்தவர்களின், நிலம். 1821இல் இந்தியன் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் போட்ட ஒப்பந்தத்தில் கைமாறிய பரப்புக்குள்தான் டிகால்ப் வருகிறது. நான்கு வருஷம் கழித்து, 1825இல், அதே இடத்தில் இன்னொரு ஒப்பந்தம். ஜார்ஜியாவில் மிச்சமிருந்த நிலத்துக்கு. வில்லியம் மெக்கின்டாஷும் அவரோடு சேர்ந்த சில தலைவர்களும் கையெழுத்திட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் சிலுவைக் குறி போட்டார்கள். மஸ்கோகி தேசிய மன்றம் அனுமதி கொடுக்கவில்லை. மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் நிலத்தை விற்றால் மரண தண்டனை என்பது அவர்கள் சட்டம். ஏப்ரல் 30இல் மெக்கின்டாஷின் வீட்டைச் சூழ்ந்து அவரைக் கொன்றார்கள். வாஷிங்டன் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு 1826இல் வேறொன்று போட்டது. நிலம் எப்படியும் போயிற்று. கையெழுத்திட்டவர்கள் மொத்த மஸ்கோகியரில் எத்தனை சதவீதம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அந்தச் சிலுவைக் குறிகளை எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்கவுமில்லை.

பயிற்சி வளாகம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதுவரை அந்தப் பெட்டிகளை எண்ண நகரத்துக்கு ஒழியவில்லை.